வெட்டும் நாளும் அடைகாக்கும் நாளும்

அயர்லாந்து நாட்டுப்புறப் பறவைக் கூடுகள் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



பறவைகளைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் பறவைகளைவிட அவற்றின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றித்தான் பேசப் போகிறேன். அதுவும் அயர்லாந்து என்ற ஒரே தீவின் கிராமப்புறத்தைப் பற்றி மட்டும். இதற்குக் காரணம் உண்டு. பறவையைப் பார்த்தால் பறவையைத்தான் தெரிந்துகொள்ளலாம். கூட்டைப் பார்த்தால், அந்த வேலியை யார் பராமரிக்கிறார், புல்லை எந்த மாதம் வெட்டுகிறார்கள், தொழுவத்தின் கதவை மூடிவைக்கிறார்களா திறந்துவைக்கிறார்களா என்பது வரை தெரிந்துவிடும். கூடு பறவையுடையதுதான். ஆனால் அது பிழைக்குமா என்பது பெரும்பாலும் பண்ணைக்காரர் கையில் இருக்கிறது.

1937இல் அயர்லாந்து அரசின் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு காரியம் செய்தது. தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, வீட்டில் தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதிவரச் சொன்னது. பேய்க் கதை, கைவைத்தியம், பஞ்ச காலத்து நினைவு, விளையாட்டு என்று ஏராளமான தலைப்புகள். அவற்றில் ஒன்று ஊர்ப் பறவைகள். 1939 வரை நடந்த இந்தப் பணியில் சுமார் 5,000 பள்ளிகள் கலந்துகொண்டன. 50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். மொத்தம் ஏறக்குறைய 7,40,000 பக்கங்கள். இன்று அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பாதுகாப்பில் இருக்கின்றன. பெரும்பகுதியை யாரும் எடுத்துப் படிக்கலாம்.

பறவை பற்றிய பக்கங்களைப் புரட்டினால் நடை ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். எந்தப் பறவை, கூடு எங்கே, எதனால் கட்டியது, முட்டை எத்தனை, என்ன நிறம். அலங்காரம் கிடையாது. வேலிக்குள் கையை விட்டு எண்ணிப் பார்த்த பிள்ளையின் கணக்கு அது. அந்தப் பிள்ளைகளில் பலர் கூடு கலைத்தவர்களாகவும் இருந்திருப்பார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து என்றதும் பச்சை நிறம் நினைவுக்கு வரும், காடும் கூடவே வரும். காடு அங்கே குறைவு. மொத்த நிலத்தில் நூற்றுக்குப் பதினொன்று சொச்சம்தான். அதிலும் பெரும்பகுதி மரத்துக்காக நட்ட ஊசியிலைத் தோப்பு. மீதி நிலத்தின் பெரும்பகுதி புல்வெளி. அந்தப் புல்வெளியை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு உயிர்வேலிகள் ஓடுகின்றன. மண்ணை மார்பளவு அணைத்துக் கரையாக உயர்த்தி, அதன்மேல் ஹாதார்ன், பிளாக்தார்ன் போன்ற முள்மரங்களை நட்டு வளர்த்த வேலிகள். பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நிலத்தைப் பங்குபோட்டு எல்லை வகுத்தபோது நட்டவை. மாடு தாண்டாமலிருக்க வைத்த வேலி, காடில்லாத தேசத்தில் பறவைகளுக்குக் காடாக நின்றது. மே மாதம் ஹாதார்ன் பூத்தால் வேலி முழுக்க வெள்ளையாகிவிடும். உள்ளே இருக்கும் கூட்டை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொன்று. அயர்லாந்தில் பாம்பு கிடையாது. புனித பேட்ரிக் விரட்டிவிட்டார் என்று கதை. பனியுகம் முடிந்தபின் கடல் சூழ்ந்துவிட்டதால் வரவே இல்லை என்பது நடப்பு. ஆகவே அங்குள்ள குருவி பாம்புக்குப் பயந்து கட்ட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறு ஆட்களுக்கு: ஸ்டோட் என்ற கீரி மாதிரியான சிறு பிராணி, நரி, எலி, மேக்பை என்ற பறவை, அத்துடன் சாம்பலும் கறுப்பும் கலந்த ஒரு காகம். ரோமத்துக்காக வளர்த்த அமெரிக்க மிங்க் பண்ணைகளிலிருந்து தப்பி நீர்க்கரைகளில் பரவியது பிற்காலத்துக் கதை.

இனி வேலிக்குள் தலையை நீட்டுவோம்.

ரென் என்றொரு குருவி. எடை பத்து கிராம் இருந்தால் அதிகம். வாலைத் தூக்கிக்கொண்டு திரியும், உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெரிய குரல். வசந்தத்தில் ஆண் ரென் கூடு கட்டத் தொடங்கும். ஒன்றோடு நிறுத்தாது, நான்கு, ஐந்து, சில சமயம் அதற்கு மேலும் கட்டும். உருண்டையான கூடு, பக்கவாட்டில் விரல் நுழையும் அளவு வாசல். காய்ந்த பன்னத்துக்கு நடுவே கட்டினால் வெளிப்புறத்துக்குக் காய்ந்த பன்னம். பாசி படிந்த கற்சுவர் இடுக்கில் கட்டினால் பச்சைப் பாசி. ஆனால் எதையும் முடித்துவைக்காது. பெண் வந்து ஒவ்வொன்றாக நுழைந்து பார்க்கும். ஒன்று பிடித்துப்போனால் அதற்குள் இறகு பரப்புவது அவள் பொறுப்பு. ஐந்தாறு முட்டை, வெள்ளையில் செம்புள்ளி. மற்றக் கூடுகள் சும்மா கிடக்கும். அப்படிக் கிடப்பவையும் வீண் என்று சொல்ல முடியாது. திருட வரும் பிராணி காலிக் கூட்டில் நேரத்தைக் கழிக்கலாம் என்று ஊகிப்பவர்கள் உண்டு. பெண் பார்க்க வந்தபோது காட்ட நாலு வீடு இருந்தால் நல்லது என்பதே எனக்கு எளிமையான விளக்கமாகப் படுகிறது.

பாடும் பூங்குருவியின் கூடு வேறு ரகம். நான் பார்த்த ஒன்று, ஐவிக் கொடி மூடிய ஒரு வேலிமரத்தின் கவையில் நெஞ்சு உயரத்தில் இருந்தது. வெளியே புல்லும் வேரும் சுள்ளியும் சேர்த்துப் பின்னிய சாதாரணக் கிண்ணம். உள்ளே எட்டிப் பார்த்தால்தான் அதிசயம். வேறு குருவிகள் மெத்தை போடும் இடத்தில் இது பூச்சு வேலை செய்திருந்தது. சேறு, சாணம், மக்கிய மரத்தூள் இவற்றை எச்சிலில் குழைத்து, மார்பை அழுத்திச் சுற்றிச் சுற்றி வழுவழுவென்று தேய்த்து முடித்த பூச்சு. காய்ந்தபின் விரலால் தட்டினால் சத்தம் கேட்கும். அந்த வெற்றுத் தரையில், மெத்தை எதுவும் இல்லாமல், நான்கு முட்டைகள். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். மழை விட்ட காலை வானத்தின் நீலம். பெரிய முனையில் மட்டும் மை தெளித்ததுபோல் சில கறுப்புப் புள்ளிகள். இவ்வளவு பளிச்சென்ற முட்டையை எதற்கு வைக்கிறது, திருடனுக்கு விளக்குப் பிடிப்பது போலல்லவா என்று தோன்றும். இலை மறைத்த நிழலுக்குள் அந்த நீலம் அடங்கித்தான் தெரிகிறது. இருந்தாலும் இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் ஒரே பதிலில் ஒத்துப்போகவில்லை.

இதன் பங்காளியான கரும்பூங்குருவியும் சேறுதான் பூசும். ஆனால் சேற்றின்மேல் இன்னொரு அடுக்கு நுண்புல் பரப்பிவிடும். முட்டை நீலப்பச்சையில் பழுப்பு மங்கல். இரண்டு கூட்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிள்ளைக்குப் பிறகு எந்நாளும் குழப்பம் வராது.

கட்டடக் கலையில் முதல் பரிசு யாருக்கு என்று கேட்டால், யோசிக்காமல் நீள்வால் பட்டாணிக்குருவிக்குக் கொடுத்துவிடுவேன். மஞ்சள் பூக்கும் கோர்ஸ் முட்புதரிலோ ஹாதார்னிலோ, பாசியைச் சிலந்தி வலையால் தைத்து முட்டை வடிவில் ஒரு பை செய்யும். இழை பாசியின் சிற்றிலைகளில் மாட்டிக்கொண்டு இழுபடும், மீண்டும் சுருங்கும். அதனால் எட்டு, பத்துக் குஞ்சுகள் உள்ளே பெருத்துக்கொண்டே போனாலும் கூடு கிழியாது, கூடவே விரிந்துகொடுக்கும். வெளிப்புறம் முழுக்கச் சாம்பல்நிற லைக்கன் துணுக்குகள். உள்ளே இறகு, இறகு, இறகு. ஒரு கூட்டைப் பிரித்து எண்ணியவர்கள் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஜோடிக்கு இந்த வேலை மூன்று வாரம் பிடிக்கும். மேக்பை வந்து ஒரு நிமிடத்தில் கிழித்துப்போட்டால்? மீண்டும் கட்ட நாள் இல்லையென்றால் இந்தக் குருவி சும்மா இருக்காது. அண்ணன் தம்பி கூட்டுக்குப் போய் அங்குள்ள குஞ்சுகளுக்கு இரை ஊட்டும்.

மேக்பையைத் திட்டுவது அயர்லாந்தில் ஊர்வழக்கம். அது பூர்வகுடிப் பறவைகூட இல்லை. 1676 வாக்கில் ஒரு சிறு கூட்டம் கிழக்குக் காற்றில் கடல் தாண்டி வெக்ஸ்ஃபோர்டு கடற்கரையில் வந்திறங்கியது என்று அக்காலக் குறிப்பு உண்டு. மூன்றரை நூற்றாண்டில் அது தீவு முழுக்கப் பரவிவிட்டது. முட்டை திருடும், மறுக்க முடியாது. ஆனால் தன் முட்டைக்கு மட்டும் முட்கிளைகளால் கூரை வேய்ந்த கோட்டை கட்டிக்கொள்ளும். திருடனுக்குத்தான் திருட்டுப்பயம் அதிகம்.

முட்டை ஓட்டின் நிறத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. உலகத்தில் உள்ள அத்தனை பறவை முட்டைகளின் நிறமும் முக்கியமாக இரண்டு சாயங்களில் வருகிறது. ஒன்று பிலிவெர்டின், நீலப்பச்சை. மற்றது புரோட்டோபார்ஃபைரின், செம்பழுப்பு. இரண்டும் இரத்தத்துக்குச் சிவப்பு தரும் பொருளின் உறவுக்காரர்கள். தாயின் கருப்பையில் சுண்ணாம்பு ஓடு படியும்போதே நீலம் ஓட்டோடு கலந்துவிடும். புள்ளி கடைசி நேரத்தில் மேலே விழும். முட்டை அசையாமல் இருந்தால் புள்ளி புள்ளியாகவே நிற்கும். உருண்டால் கோடாக இழுபடும்.

யெல்லோஹாமர் என்ற மஞ்சள் தலைக் குருவியின் முட்டையைப் பார்த்தால் இது புரியும். வெளுத்த ஓட்டின்மேல் யாரோ பேனாவால் அவசர அவசரமாகக் கிறுக்கியதுபோல் கருஞ்சிவப்புக் கோடுகள் வளைந்து நெளிந்து போகும். ஒரு முட்டையின் கிறுக்கல் இன்னொன்றில் இராது. கிராமத்துக்காரர்கள் இதைச் சாத்தானின் கையெழுத்து என்றார்கள்; பாவம், அந்தக் குருவிக்கு அதனால் கெட்ட பெயரும் வந்தது. தானிய வயல் உள்ள கிழக்கு, தெற்கு மாவட்டங்களில்தான் இன்று அது மிஞ்சியிருக்கிறது. இந்தக் குருவிக்கு மறுபடி வருவேன்.

பொந்துக்குள் இடும் பறவைகளுக்கு நிறம் தேவையில்லை. ஆற்றங்கரை மண்ணில் கைநீளச் சுரங்கம் தோண்டி, மீன் முள் மெத்தையில் இடும் மீன்கொத்தியின் முட்டை பளபளக்கும் வெள்ளை. இடிந்த கோட்டைச் சுவரில் தன் வாந்தி உருண்டைகள் மேலேயே இட்டுவைக்கும் கூகையின் முட்டையும் வெள்ளை. இந்த விதிக்கெல்லாம் அடங்காதது மரப்புறா. பத்துப் பன்னிரண்டு சுள்ளியைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, அதன்மேல் இரண்டு வெள்ளை முட்டையைத் திறந்தவெளியில் வைக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சுள்ளி இடுக்கில் முட்டை தெரியும். அப்படியும் அயர்லாந்தில் மரப்புறாவுக்குப் பஞ்சமே இல்லை! இயற்கையில் ஒழுங்கு தேடுபவர்கள் இந்தப் பறவையைப் பற்றிப் பேசாமல் நழுவிவிடுவது வழக்கம்.

குயிலுக்கு வருவோம். ஐரோப்பியக் குயில் அயர்லாந்தில் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது புல்நெட்டைக்காலியின் கூட்டை. மலைச்சரிவிலும் கரிச்சதுப்பிலும் புல்குத்துக்குள் பதுங்கியிருக்கும் சிறு கிண்ணம் அது. பெண்குயில் மணிக்கணக்கில் ஒளிந்து நோட்டம் பார்த்திருக்கும். நெட்டைக்காலி நகர்ந்த நேரம் பார்த்து இறங்கி, ஒரு முட்டையை வாயில் கவ்விக்கொண்டு, தன் முட்டையை இட்டுவிட்டுப் பறந்துவிடும். இதற்கெல்லாம் பத்து விநாடி போதும். முட்டை நெட்டைக்காலியின் முட்டையைப்போலவே பழுப்புப் புள்ளியோடு இருக்கும், சற்றுப் பெரிது. இடுவதற்கு முன்பே தாய் வயிற்றில் ஒரு நாள் கூடுதலாக வளர்ந்துவிடுவதால் முதலில் பொரிப்பதும் அதுதான். கண் திறக்காத, ஒரு மயிர்கூட முளைக்காத அந்தக் குஞ்சு, முதுகில் உள்ள குழிவில் மற்ற முட்டைகளை ஏந்தி, பின்னோக்கி நடந்து, விளிம்புக்கு வெளியே தள்ளும். நம் ஊரில் காக்கைக் கூட்டில் வளரும் குயில் குஞ்சு பொதுவாக இப்படிச் செய்வதில்லை. காக்கைக் குஞ்சோடு சேர்ந்தே வளரும். முட்டை தள்ளும் இந்தச் செய்கையை 1788இல் முதன்முதல் தெளிவாக எழுதிவைத்தவர் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர். அம்மை தடுப்பூசி கண்டுபிடித்தாரே, அதே ஜென்னர். அப்போது அவரைப் பலர் நம்பவில்லை.

சரி, கூடு கலைக்கும் பிள்ளைகள். கூடு தேடுவது அயர்லாந்துக் கிராமத்துப் பையன்களின் வசந்தகால விளையாட்டு. முட்டையில் ஊசியால் இரு முனையும் துளைத்து, ஊதிக் கருவை வெளியேற்றி, ஓட்டை நூலில் கோத்து வைப்பார்கள். ஆனால் இரண்டு கூட்டை மட்டும் தொடமாட்டார்கள். ஒன்று ராபின். சிலுவையில் இயேசுவின் முள்முடியிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கப் போய்த்தான் அதன் மார்பு சிவந்தது என்பது கதை. அதன் கூட்டில் கை வைத்தால் தீங்கு வரும். மற்றது தகைவிலான். தொழுவத்து உத்தரத்தில் சேற்று உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிண்ணம் கட்டும். அதைக் கலைத்தால் பசுவின் பாலில் இரத்தம் வரும் என்றார்கள். பால்மாட்டை நம்பிப் பிழைக்கும் வீட்டில் இதைவிடப் பலமான சட்டம் எதுவும் இருக்க முடியாது.

ரென் குருவிக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. பறவைகளின் ராஜா என்று அதைக் கொண்டாடியவர்களே, டிசம்பர் 26ஆம் தேதி அதை வேட்டையாடி, ஹாலி மரக்கிளையில் கட்டி, முகமூடி போட்டு, கொட்டடித்து வீடு வீடாகக் காசு வாங்கினார்கள். இன்றும் டிங்கிள் போன்ற ஊர்களில் அந்த ஊர்வலம் உண்டு, குருவிதான் நிஜமில்லை.

பையன்கள் செய்ததைப் படித்தவர்களும் செய்தார்கள், பெரிய அளவில். வாட்டர்ஃபோர்டு மாவட்டத்துச் சீமான் ரிச்சர்ட் அஷர் கடற்பாறைகளில் கயிறு கட்டி இறங்கி முட்டை சேகரித்தவர். 1900இல் ராபர்ட் வாரனோடு சேர்ந்து அயர்லாந்துப் பறவைகள் பற்றி அவர் எழுதிய நூலை இன்றும் தள்ளிவைக்க முடியாது. அந்தக் காலத்து முட்டைப் பெட்டிகள் பின்னால் யாரும் எதிர்பாராத ஒரு வேலைக்குப் பயன்பட்டன. 1960களில் பைரி என்ற வல்லூறு பல நாடுகளில் குறைந்துகொண்டு போனது; கூட்டில் முட்டை நொறுங்கிக் கிடந்தது. இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப் பழைய சேகரிப்புகளில் இருந்த ஓடுகளை எடைபோட்டுப் புதியவற்றோடு ஒப்பிட்டார். 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு சட்டென்று மெலிந்திருந்தது. டிடிடி போன்ற பூச்சிக்கொல்லி வயலுக்கு வந்த காலம் அது. 1967இல் அவர் இதை வெளியிட்டார். பெட்டிக்குள் பூட்டிவைத்த திருட்டுச் சொத்து சாட்சி சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகச் சேகரிப்பை நியாயப்படுத்த நான் தயாராக இல்லை. கடல்கழுகும் பொன்னிறக் கழுகும் அயர்லாந்திலிருந்து அற்றுப்போனதில் துப்பாக்கி, விஷம் இவற்றோடு முட்டைக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

இருந்தாலும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பையனையும் மேக்பையையும் நாம் எளிதில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். அயர்லாந்துக் கிராமத்தின் மிகப் பழக்கமான இரண்டு குரல்கள் அடங்கியது அவர்களால் இல்லை.

முதல் குரல் கார்ன்கிரேக். நம் கானாங்கோழிக்கு உறவு. காடையைவிடச் சற்றுப் பெரிது. ஆப்பிரிக்காவிலிருந்து ஏப்ரல் கடைசியில் வந்து சேரும். பார்ப்பது அரிது, கேட்பது எளிது. சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தால் வரும் சத்தத்தை இருமுறை, இரவெல்லாம், விடியும்வரை எழுப்பும். பழைய தலைமுறை மக்கள் தூக்கம் கெடுகிறது என்று அதைத் திட்டியிருக்கிறார்கள். பெண் பறவை உயர்ந்த புல்லின் நடுவில் தரையிலேயே கூடு அமைத்து எட்டிலிருந்து பன்னிரண்டு முட்டை இடும். அடைகாப்பு மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவு. பிறகு இரண்டாம் ஈடு. இரண்டும் முடிய ஆகஸ்ட் ஆகிவிடும்.

பழைய முறையில் உலர்புல்லுக்காக ஜூலையில் வெட்டினார்கள். அரிவாளோடோ குதிரையோடோ மெதுவாக நகர்ந்தார்கள். முதல் ஈட்டுக் குஞ்சுகள் அதற்குள் ஓடப் பழகியிருக்கும். 1970களுக்குப் பிறகு சைலேஜ் வந்தது. பச்சையாகவே வெட்டிக் காற்றுப் புகாமல் மூடிவைக்கும் ஊறுகாய்ப்புல். மழை அதிகமுள்ள நாட்டுக்கு அது பெரிய வசதி. விவசாயியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சைலேஜுக்கு முதல் வெட்டு மே மாதத்தில். டிராக்டர் வயலின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வரும். திறந்தவெளியில் ஓட அஞ்சும் இந்தப் பறவை, எஞ்சிய புல்லுக்குள்ளேயே பின்வாங்கிக்கொண்டு போகும். கடைசிச் சுற்றில் நடு வயலில் மிஞ்சுவது ஒரு கீற்று. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நாட்டில் கூவும் ஆண்கள் இருநூற்றுச் சொச்சம். டொனகல், மேயோ, கால்வே மாவட்டங்களின் மேற்குக் கரையிலும் தீவுகளிலும்தான் மிச்சம். அங்கே பண்ணைக்காரர்களுக்குப் பணம் கொடுத்து, வெட்டும் நாளை ஆகஸ்டுக்குத் தள்ளச் சொல்கிறார்கள். ஏப்ரலில் வரும் பறவை ஒளிய ஓர் ஓரத்தில் காஞ்சொறிச் செடியை வளர விடுகிறார்கள். பிறகு ஒரு சின்ன மாற்றம்: வயலை நடுவிலிருந்து வெளிப்புறமாக வெட்டுவது. அதே டிராக்டர், அதே கத்தி. ஓடும் திசை மாறியதால் பறவைக்கு வேலிப்பக்கம் வழி கிடைக்கிறது.

இரண்டாவது குரல் கர்லூ. நீண்டு வளைந்த அலகுள்ள பறவை. குளிர்காலத்தில் கோடியக்கரைச் சேற்றில் நாம் பார்க்கும் பெரிய கோட்டான் இந்த இனம்தான். அயர்லாந்தில் ஈரப் புல்வெளியிலும் கரிச்சதுப்பிலும் தரையில் ஒரு பள்ளம் செய்து நான்கு முட்டை இடும். ஒரு மாதம் அடைகாப்பு. குஞ்சு பறக்க இன்னும் ஐந்து வாரம். ஆக, இரண்டு மாதத்துக்கு மேல் அந்த இடத்தில் கத்தி, நரி, காகம் எதுவும் வரக் கூடாது. 1980களில் ஆயிரக்கணக்கில் இருந்த ஜோடிகள், 2015க்கும் 2017க்கும் இடையே எடுத்த கணக்கில் 138. 2021இல் 105. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போய்விட்டது. சதுப்பை வடித்தார்கள், எந்திரத்தால் கரி வெட்டினார்கள், மீதியில் ஊசியிலை மரம் நட்டார்கள். அந்தத் தோப்பு நரிக்கும் காகத்துக்கும் வீடானது. திருடன் இருக்கிறான், ஆனால் அவனுக்குக் கதவு திறந்துவிட்டது நில வேலை. 2017 முதல் அரசு ஒரு திட்டம் நடத்துகிறது. அந்தந்த ஊர் ஆட்கள் கூடு இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து மின்வேலி போட்டுக் காவல் இருக்கிறார்கள். ஒரு கூட்டுக்கு ஓர் ஆள் என்ற நிலை. இது எத்தனை நாளைக்கு ஓடும் என்பது எனக்கும் கவலைதான்.

தரும காரியம் என்று பார்த்தால் அயர்லாந்தில் ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. கிளென்டலாக் பள்ளத்தாக்கில் வாழ்ந்த துறவி கெவின், ஜன்னல் வழியே கையை நீட்டி வேண்டிக்கொண்டிருக்கும்போது கரும்பூங்குருவி உள்ளங்கையில் முட்டை இட்டுவிட்டது. குஞ்சு பறக்கும்வரை அவர் கையை மடக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் இந்தக் கதையை எழுதிவைத்தார். கணக்குப் போட்டால், நாளுக்கு ஒரு முட்டை வீதம் நான்கு நாள், அடைகாப்பு பதின்மூன்று நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். ஆக ஒரு மாதம். புனிதருக்குப் பரவாயில்லை. பால்மாடு வைத்திருப்பவரிடம் அதைக் கேட்க முடியுமா? அதனால்தான் சட்டம் தேவைப்படுகிறது.

1976இல் வந்த வனவுயிர்ச் சட்டம் கூட்டையும் முட்டையையும் வேண்டுமென்று அழிப்பதைக் குற்றமாக்கியது. வேலியையும் புதரையும் வெட்டவோ எரிக்கவோ கூடாத காலம் ஒன்றையும் வகுத்தது. முதலில் ஏப்ரல் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை என்றிருந்தது; 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மார்ச் 1இலிருந்தே தடை. சாலைப் பாதுகாப்பு, விவசாய வேலை என்று விதிவிலக்குகள் உண்டு. அவை வழியே நிறைய வேலி போகிறது என்பதும் உண்மை. அயர்லாந்துக் கிராமத்தில் மார்ச் முதல் தேதிக்கு முந்தைய வாரம் வேலி வெட்டும் எந்திரங்களின் இரைச்சல் காது பிளக்கும்.

நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். 2007இல் நார்வேயிலிருந்து கொண்டுவந்த கடல்கழுகுக் குஞ்சுகளைக் கெர்ரி மாவட்டத்தில் விட்டார்கள். சிலவற்றுக்கு விஷம் வைத்த இறைச்சி எமனானது. அப்படியும் 2012இல் ஒரு ஜோடி கிளேர் மாவட்டத்து மவுண்ட்ஷானன் ஊரை ஒட்டி, டெர்க் ஏரித் தீவில் கூடு கட்டியது. மறு ஆண்டு இரண்டு குஞ்சுகள் பறந்தன. நூறு ஆண்டுக்கு மேல் அங்கே நடக்காத காரியம். ஊர்க்காரர்கள் கரையில் தொலைநோக்கி வைத்து வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார்கள்.

கடைசியாக யெல்லோஹாமருக்கு வருகிறேன் என்று சொன்னேன். இந்தக் குருவி தாமதப் பேர்வழி. மற்றவை ஜூலையோடு கடையைக் கட்டும்போது, இது ஆகஸ்டிலும் வேலியடியில் புல்லுக்குள் அடைகாத்துக்கொண்டிருக்கும். செப்டம்பரில் கூட்டில் குஞ்சு இருப்பதும் உண்டு. சாலையோர வேலியை ஆகஸ்டிலேயே வெட்ட வழிவிட வேண்டும் என்ற யோசனை மசோதாவாகி, நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் 2018இல் ‘பாரம்பரியச் சட்டம்’ என்ற பெயரில் நிறைவேறியது. ஓட்டுநருக்கு வளைவில் எதிர்வண்டி தெரியவில்லை என்றது ஒரு தரப்பு. அந்த மாதத்தில் எத்தனை கூடு மிச்சம் இருக்கப்போகிறது என்பதும் அவர்கள் வாதமாக இருந்தது. பறவைக்காரர்கள் எடுத்துக்காட்டியது யெல்லோஹாமரைத்தான். ஏற்கெனவே மேற்கு மாவட்டங்களை இழந்துவிட்ட பறவை அது. வளைவில் மட்டும் வெட்டுங்கள், அதற்கு ஏற்கெனவே உள்ள சட்டமே இடம் தருகிறது, மாதத்தை மாற்றாதீர்கள் என்பது அவர்கள் அப்போது சொன்ன பதில். என்னைக் கேட்டால் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மாறுபட்டு நினைப்பவர்கள் இந்த அவையில் இருக்கலாம்; கேள்வி நேரத்தில் கேளுங்கள், பேசுவோம்.